பாடவா, பார்க்கவா?

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. பாளையங்கோட்டையை ஒட்டிய ஒரு கோயில். (எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சர்ச் என்பதைவிடக் கோயில் என்றே சொல்வார்கள், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) பக்கத்து ஹால் வாசலில் பதினைந்து இருபது ஜோடிச் செருப்பு. உள்ளே வாலிபர் கூட்டத்தின் பாட்டுப் பயிற்சி. கீபோர்டுக்காரப் பையன் பாடுகிற பெண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிறான். அவள் கட்டைவிரலைக் கீழே காட்டுகிறாள். டிரான்ஸ்போஸ் பட்டனில் இரண்டு தட்டு. சுருதி இறங்கிவிட்டது, அவன் விரல்களோ பழைய கட்டைகளிலேயே ஓடுகின்றன. ஆர்மோனியக் காலத்தில் இந்த வித்தை கைவர வருடக்கணக்கில் உட்கார வேண்டும்.

அந்த ஆர்மோனியமும் அங்கேதான் இருக்கிறது. காலால் மிதித்து வாசிக்கிற பழைய பெட்டி, நீலத் துணி போர்த்தி மூலையில். அதன் தலைமேல் மைக் வயர்களைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் ஒரு மாணவர் விடுதிக்குப் பாடப் போகிறார்கள். அதற்கு ஆறு பாட்டு. ஐந்து, யூடியூபில் கேட்டுப் பழகியவை. ஒன்று மட்டும் கீர்த்தனை. அதையும் கஹோன் பெட்டியைத் தட்டி வேகம் கூட்டி வைத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஓரிடத்தில்தான் காது நெருடியது. யூடியூப் பாட்டு ஒன்றின் பிற்பகுதி, ‘பிரிட்ஜ்’ என்கிறார்கள். ஒரே வரி மறுபடி மறுபடி வரும், ஒவ்வொரு சுற்றுக்கும் குரல் மேலே ஏறும். மைக் வைத்திருந்த பெண் மேல் ஸ்தாயியை எட்டிப் பிடித்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் அதற்குள் வாயை மூடிக்கொண்டார்கள். எட்டவில்லை. சிலர் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார்கள், இரண்டு பேர் செல்போனை உயர்த்தினார்கள். அடுத்தது கீர்த்தனை. எல்லோரும் பாடினார்கள்.

அந்த ஹாலில் அடுத்தடுத்து நடந்த இந்த இரண்டையும்தான் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிள்ளைகளை இழுக்கப் பாட்டு வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. எந்தப் பாட்டு, எந்த மெட்டு, டிரம்ஸ் ஆகுமா ஆகாதா என்றுதான் ஒவ்வொரு சபையிலும் கமிட்டிக் கூட்டம் போட்டு மல்லுக்கு நிற்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் பெரிய அக்கறை இல்லை. வந்த பிள்ளை வாயைத் திறந்து பாடுகிறதா, மேடையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதா? எனக்குத் தோன்றுகிற கேள்வி அதுதான். தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டின் கதையை இந்தக் கேள்வியோடு திரும்பிப் பார்த்தால் சில ஆச்சரியங்கள் கிடைக்கின்றன.

குறத்தி சொன்ன நற்செய்தி

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு காலத்திலிருந்து லுத்தரன் சபைகளில் ஜெர்மன் ராகங்கள்தான். வார்த்தை தமிழ், மெட்டு அங்கிருந்து வந்தது. ‘ஞானப்பாட்டு’ என்று பெயர். பக்தியோடு பாடினார்கள், மறுக்கவில்லை. ஆனால் நாற்று நடுகிற இடத்தில் யாரும் அதை முணுமுணுத்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

அதை உடைத்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். பின்னாளில் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜியும் அதே ஐயரின் மாணவர்தான். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு ஆள். மேடைகளில் இன்றும் இரண்டு பேரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள்.

சாஸ்திரியார் செய்த துணிச்சல் சாதாரணமானதல்ல. அன்று தஞ்சாவூரில் சனங்கள் விழுந்தடித்துக்கொண்டு பார்த்தது குறவஞ்சி நாடகம். உலா வரும் தலைவன், அவன்மேல் மையல் கொள்ளும் தலைவி, கையைப் பார்த்துக் குறி சொல்லும் குறத்தி, அவளைத் தேடி வரும் பறவை பிடிக்கும் சிங்கன். இந்தச் சட்டகத்தை அப்படியே தூக்கிக்கொண்டார். ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் தலைவன் இயேசு, தலைவி தேவமோகினி, குறி சொல்ல வருகிறவள் ஞானச் சிங்கி. சிங்கன் பிடிக்கிற பறவைகள் மனிதர்களின் ஆத்துமாக்கள். நொண்டி நாடகம் என்று தெருவில் ஆடுகிற இன்னொரு வகை இருந்தது. திருடப் போய்க் காலை இழந்தவன் தன் கதையைத் தானே சொல்லுவான். அதையும் விடாமல் ‘ஞான நொண்டி நாடகம்’ எழுதினார். இன்றைய கணக்கில் சொன்னால், ஊரே பார்க்கிற வெப் சீரிஸ் பாணியில் ஒருவர் வேதாகமக் கதை எடுத்தது போல.

1820களில் வந்த புதிய மிஷனரிமாருக்கு இதெல்லாம் ஒப்பவில்லை. விழாவிலும் கல்யாணத்திலும் தமிழ்ப் பாட்டும் பூவும் எதற்கு என்று கெடுபிடி வந்தது. சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். அவரை வீரராக மட்டும் காட்டிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் அதே போராட்டத்தில்தான் கோயிலுக்குள் சாதி வித்தியாசம் தொடர வேண்டும் என்றும் அவர் வாதாடினார். தமிழ்ப் பாட்டுக்காகப் பேசிய அதே வாய். இந்த முடிச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூற்றைம்பது வருடம் கழித்து மதுரையில் ஒருவர் இதை அவிழ்க்க உட்காருவார்.

மிஷனரிமாரில் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியாரின் பாடல்களைத் தேடிச் சேர்த்து 1853இல் கீர்த்தனைத் தொகுப்பாக அச்சிட்டார். மேல்நாட்டு மெட்டுப் பாமாலை ஒரு கையில், கீர்த்தனை ஒரு கையில் என்று நம் கோயில்கள் பழகிய வழக்கத்துக்கு இந்தத் தொகுப்பு பெரிய காரணம். சாஸ்திரியாருக்கு 1864 வரை ஆயுள் இருந்தது. தன் பாட்டு புத்தகமாகிப் பரவுவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கீர்த்தனையின் அமைப்பையும் கவனியுங்கள். பல்லவி, அனுபல்லவி, பிறகு நாலைந்து சரணம். கதையைச் சுமப்பது சரணம்தான். மாட்டுக்கொட்டில், மேய்ப்பர், ஏரோது, சிலுவை எல்லாம் வரிசையாக வந்துவிடும். ஒருவர் சரணத்தைச் சொல்ல, கூட்டம் பல்லவிக்குத் திரும்பும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி பல்லவியை மட்டும் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டிலும் பங்கெடுத்துவிடலாம். குரலும் பெரும்பாலும் ஒன்றரை ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். நான் பார்த்த பயிற்சியில் அத்தனை பேர் வாயும் ஒரே நேரத்தில் திறந்ததற்கு இதுவும் காரணம்.

வேலையை விட வைத்த பாட்டு

மேளத்தோடு தெருவுக்கு வந்தவர்கள் என்றால் இரட்சணிய சேனைக்காரர்கள். 1882இல் பம்பாயில் இறங்கிய சிறு குழு. ஊர்வலமாகப் பாடிக்கொண்டு போனதற்குப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நாகர்கோவில் பக்கம் அவர்கள் காலூன்றிய பிறகு டாம்பரினும் பேண்டும் குமரி மாவட்டத்துக்குப் பழகிப்போயின.

இளைஞர்களுக்கென்றே பாட்டு பிறந்த கதை அதற்குப் பிறகு வருகிறது. கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி, அதாவது நாம் வி.பி.எஸ். என்கிறோமே, அதை நடத்திய இளைஞர்கள் ஊர் ஊராகச் சிறு ஜெபக் குழுக்களாகக் கூடினார்கள். 1959இல் அது பிரெண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட் ஆனது. முதல் தலைவர் சாம் கமலேசன். கால்நடை மருத்துவம் படித்துவிட்டுப் போதகரானவர், சென்னை வேப்பேரி மெதடிஸ்ட் சபையில் இருந்தவர். பிரசங்கத்துக்கு இணையாகப் பாட்டுக்கும் பேர்போனவர். கனத்த குரல். அவர் பாட ஆரம்பித்தால் கூட்டம் அசையாது என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள்.

அந்த இயக்கத்தின் பாட்டுக்காரர் என்றால் எமில் ஜெபசிங். அதன் பொதுச்செயலராக இருந்தார். பிறகு விஸ்வவாணி என்ற ஊழிய அமைப்பை நடத்தினார். அவருடைய மிஷனெரிப் பாடல்களில் அணிவகுப்பு நடை இருக்கும். கேட்கிறவனைப் பார்த்து, நீ போகிறாயா இல்லையா என்று முகத்துக்கு நேரே கேட்கும். அந்தக் கூட்டங்களின் முடிவில் எழுந்து நின்ற வாலிபர்கள் சிலர் உண்மையிலேயே போனார்கள். வேலையை விட்டுவிட்டு, குஜராத்தின் டாங் மாதிரி மொழி தெரியாத மலைக்காடுகளுக்குப் போய் உட்கார்ந்தார்கள். அதைச் சரி என்பவர்களும் உண்டு, தவறு என்பவர்களும் உண்டு. அந்த விவாதம் வேறு. பாட்டு ஒருவனை எழுப்பி ரயிலேற்ற முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அதே காலத்தில் காற்றிலும் பாட்டு வந்தது. சீஷெல்ஸ் தீவிலிருந்து ஃபெபா வானொலி சிற்றலையில் தமிழ் நிகழ்ச்சிகளை அனுப்பியது. பாட்டு ஒரு வரி தெளிவாகக் கேட்கும், அடுத்த வரி கடலுக்குள் போய்விடும். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு திண்ணையில் இடம் மாறி மாறி உட்காருவோம்.

கத்தோலிக்கர் பக்கம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960களில்தான் திருப்பலி லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. வந்ததும் வாலிபர் குழுக்களுக்குத் தலைகால் புரியவில்லை; புதிது புதிதாக மெட்டுகள். திருச்சியில் 1977இல் தொடங்கிய கலைக்காவிரி, இசையையும் பரதத்தையும் முறையாகச் சொல்லிக்கொடுத்துக் குழுக்களை மேடைக்கு அனுப்பியது.

பிறகு கேசட். எஸ்.பி.பி.யும் யேசுதாஸும் கிறிஸ்தவப் பாட்டு பாடினார்கள். திரைப்படங்களில் பாடிக்கொண்டிருந்த ஜாலி ஆபிரகாம் நற்செய்திப் பாட்டின் பக்கமே வந்துவிட்டார். ஆனால் வீடு வீடாக நுழைந்தது அந்த இனிய குரல்களைவிட, ஃபாதர் பெர்க்மான்ஸின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ என்பேன். கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியே வந்தவர். வரிசை எண் போட்டுத் தொகுதி தொகுதியாக வந்த பாட்டுகள். வரிகள் குட்டையாக இருக்கும், பாதி வேதாகம வசனம், கைதட்டினால் போதும். ராகம் நுட்பமில்லை என்று சங்கீதம் தெரிந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சுளித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளே ஜெபக் கூட்டத்தில் அதைத்தான் பாடினார்கள். வாத்தியமே இல்லாத ஓலைக் கூரைச் சபையிலும் பாட முடிந்தது. அந்த ஒன்றுக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

பரட்டை அண்ணன்

மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. 1969இல் தொடங்கியது. அங்கே தகவல் தொடர்பு சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஜே. தியோஃபிலஸ் அப்பாவு. வாரிக்கொள்ளாத தலை. மாணவர்களுக்கு அவர் ‘பரட்டை அண்ணன்’. பேராசிரியர் என்றோ ஐயர் என்றோ யாரும் கூப்பிட்டுவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தவர் மாதிரி அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்.

சாஸ்திரியார் போட்ட முடிச்சை எடுத்து உட்கார்ந்தவர் இவர்தான். கீர்த்தனை தமிழ்தான், யார் இல்லை என்றது? ஆனால் யாருடைய தமிழ்? கர்நாடக ராகமும் சமஸ்கிருதம் கலந்த நடையும் மேல்சாதிக்காரர்களின் ரசனையைக் கோயிலுக்குள் கொண்டுவந்துவிட்டன, வயக்காட்டில் வேலை செய்கிற தலித் கிறிஸ்தவனுக்கு அங்கே குரல் இல்லை என்று வாதாடினார். வாதத்தோடு நிற்கவில்லை. நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில், பறையும் உண்டு என்று முழு வழிபாட்டையும் எழுதினார். எந்தப் பறையைச் சாவு மேளம் என்று கோயில் வாசலிலேயே நிறுத்தினார்களோ, அந்தப் பறை.

‘நீர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டுகளில் கடவுள் எப்போதும் ‘நீர்’, ‘உம்மை’. திருநெல்வேலியில் ‘நீரு எப்பம் வந்தீரு’ என்று இன்றும் பேச்சில் உண்டு. சென்னைப் பையனுக்கு நீர் என்றால் தண்ணீர். ஆனாலும் நேற்று யூடியூபில் ஏறிய பாட்டு வரைக்கும் கிட்டாரும் ஆக்டோபேடும் புதுசு, ‘நீர்’ மட்டும் பழசு. அப்பாவு கை வைத்தது இங்கேதான். பரமண்டல ஜெபத்தின் பிதாவை அவர் ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டார். அப்பனுக்கும் பொருந்தும், ஆத்தாளுக்கும் பொருந்தும். ஒரு வார்த்தையை மாற்றி இறையியலையே திருப்பி வைத்தார். ‘ஒரே உலை’ அவருக்குப் பிடித்த இன்னொரு படிமம். எல்லோருக்கும் ஒரே பானையில் சோறு. சாதி பார்த்துப் பந்தி பிரிக்கிற ஊரில் நற்கருணைக்கு இதைவிட நேரான விளக்கம் கிடையாது.

அவர் சொன்னதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. நாட்டுப்புறப் பாட்டை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு ஊரில் கற்றுக்கொண்டவன் அடுத்த ஊரில் ஒரு வரி சேர்ப்பான். செலவில்லை, கருவி வாங்க வேண்டாம், தப்பு என்று திருத்த யாரும் இல்லை. பாடுகிறவன்தான் சொந்தக்காரன். அவரிடம் படித்த மாணவர்கள் போதகர்களாகிக் கிராமங்களுக்குப் போனபோது பாட்டும் கூடவே போனது. அவர் 2005இல் காலமானார். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோ ஷெரினியன் அவரைப் பற்றி 2014இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். நம் ஊர் வாலிபர் கூட்டங்களில் அவர் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் விழிக்கிறார்கள்.

மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே

இப்போதைய பாட்டுகளைத் திட்டுவது எளிது. அதற்கென்றே ஒரு தலைமுறை இருக்கிறது. நான் அந்தக் கட்சியில் இல்லை. பென்னி ஜோஷ்வா, டேவிட்சாம் ஜாய்சன் போன்றவர்களின் பாட்டுகளைப் பிள்ளைகள் பஸ்ஸில் இயர்போன் போட்டுக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். இசை பழகுவதிலும் இந்தத் தலைமுறை கெட்டி. டிரினிட்டி காலேஜ் கிரேடு பரீட்சை எழுதுகிறார்கள், கார்டு போட்டு வாசிக்கிறார்கள். ஞாயிறு காலை கோயிலில் வாசித்துவிட்டு ராத்திரி மெல்லிசைக் குழுவில் வாசித்துச் சம்பாதிக்கிற பையன்களும் உண்டு. ஒரு குறை மட்டும் கண்ணை உறுத்துகிறது: மைக் பெண்பிள்ளைகளிடம், டிரம்ஸ் எப்போதும் பையன்களிடம். எந்த வேதாகமத்தில் எழுதியிருக்கிறதோ!

பிரச்சினை பாட்டு செய்யப்படுகிற இடத்தில் தொடங்குகிறது. முன்பு பாட்டு கூட்டத்தில் பிறந்து கேசட்டுக்குப் போனது. இப்போது ஸ்டுடியோவில் பிறந்து கூட்டத்துக்கு வருகிறது. ஸ்டுடியோவில் ஒரே ஒரு குரல். அந்தக் குரலுக்கு எது பளிச்சென்று இருக்கிறதோ அதுதான் சுருதி. முதல் பகுதியைக் கீழே முணுமுணுத்து, முடிவில் மேலே தாவினால் கேட்பதற்குச் சிலிர்க்கும். அதே பாட்டை நாற்பது பேர் கூட்டத்தில் பாடினால் முதல் பகுதியில் ஆண்கள் குரலே எழும்பாது, கடைசிப் பகுதி யாருக்கும் எட்டாது. பட்டனைத் தட்டிச் சுருதியை இறக்கினாலும் கீழ்ப் பகுதி இன்னும் கீழே போய்விடும். அத்தனையும் மீறிப் பாட முயன்றால் ஸ்பீக்கர் சத்தத்தில் தன் குரலே தனக்குக் கேட்காது. தன் குரல் கேட்காதவன் ஐந்து நிமிடத்தில் பாடுவதை நிறுத்திவிடுவான். பக்தி குறைந்துவிட்டது என்று பிரசங்கம் வைப்பதற்கு முன்னால் மிக்சரில் கை வைத்துப் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நற்செய்திப் பணி என்ற பெயரில் போடுகிற இசைக் கூட்டங்களில் யார் வந்து உட்காருகிறார்கள்? பெரும்பாலும் அடுத்த சபையின் வாலிபர்கள். வெளியாள் அபூர்வம். பாட்டின் வார்த்தைகளும் அதற்குத் தகுந்தபடிதான். ‘அபிஷேகம்’, ‘பரிசுத்த ஸ்தலம்’ என்று உள்வீட்டுச் சொல்லாக இருக்கும். ‘நான்’, ‘என்னை’, ‘எனக்கு’ நிறைய வரும். அந்த வரிகளுக்குள் வேலை கிடைக்காத பையன் வருவதில்லை, வட்டிக்கு வாங்கிய அப்பா வருவதில்லை. சாஸ்திரியாரின் குறத்தி தெருவில் நின்று பேசினாள். அப்பாவுவின் பாட்டில் உலை கொதித்தது. இங்கே எல்லாம் மனசுக்குள்ளேயே நடக்கிறது.

ஆனாலும் ஒரு வேலையை இந்தப் பிள்ளைகள் விடாமல் செய்கிறார்கள். டிசம்பர் வந்தால் கீத பவனி. சென்னைக்காரர்களுக்கு கேரல் ரவுண்ட்ஸ். போன வருடம் அதே கோயில் பிள்ளைகளோடு நானும் போனேன். கீபோர்டைத் தூக்க முடியாது. ஒரு கிட்டார், ஒரு டிரம், இரண்டு டாம்பரின். முன்பு பெட்ரோமாக்ஸ் இருந்த கையில் இப்போது செல்போன் டார்ச். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவனுக்குப் பஞ்சுத் தாடிக்குள் வேர்த்துக் கொட்டுகிறது. பாட்டுப் புத்தகத்தில் ஈரம். பதினொரு மணிக்கு மேல் தொண்டை கட்டிப்போய் யார் சுருதி எது என்றே தெரியவில்லை. மூன்றாவது தெருவில் எங்கள் பட்டியலில் இல்லாத ஒரு வீட்டு ஜன்னல் திறந்தது. வாசலில் கோலம், நிலையில் மாவிலை. ஒரு அம்மா நைட்டியோடு வெளியே வந்து, எங்க வீட்டு முன்னாடி பாட மாட்டீங்களா என்று கேட்டார்.

கிட்டார்ப் பையன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். எந்தப் பாட்டு என்று யாரும் சொல்லவில்லை. யாரோ பின்னாலிருந்து ஒரு கீர்த்தனையின் பல்லவியை எடுத்தார்கள், கொஞ்சம் கீழ்ச் சுருதியில். அந்த அம்மாவின் மகன், எட்டாவது ஒன்பதாவது படிப்பான், வந்து படியில் உட்கார்ந்தான். இரண்டாவது சரணம் முடிந்து பல்லவி திரும்பியபோது அவன் வாயும் அசைந்தது. பாடி முடித்ததும் அந்த அம்மா ஒரு தட்டில் முறுக்கும் கடுங்காப்பியும் கொண்டுவந்தார். காப்பி ஆறுவதற்குள் டிரம் எங்கே என்று தேடினோம். படியில் உட்கார்ந்திருந்த பையன் அதை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.